முள் அசையவில்லை

20.11.2018, செவ்வாய்

அன்புத் தங்கைக்கு,

இங்கு நானும் உன் அண்ணியும் நலம். என் இடது முழங்கால் மட்டும் இம்மாதம் 6ஆம் தேதியிலிருந்து ஒத்துழைக்க மறுக்கிறது. அங்கு நீ, மாப்பிள்ளை, உன் மகள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத் தனித்தனியாக எழுது. “எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று மொத்தமாக எழுதாதே.

உன் கடிதம் 17ஆம் தேதி மாலை கிடைத்தது. வழக்கம்போல் அதில் தேதி இல்லை. மாப்பிள்ளைக்கு இனி சிலிண்டர் தூக்க முடியாதாம். ஆகவே சமையலறைக் குழாயில் ஒரு ரப்பர் ஹோஸைச் செருகி, ஜன்னல் வழியாக இழுத்து, பின்முற்றத்துக் கிரில் அடுப்புக்குக் கொண்டுபோகப் போகிறாராம். முப்பத்து மூன்று ஆண்டுகள் எரிவாயுக் குழாய் ஆய்வாளராக இருந்தவனின் தங்கை வீட்டில், ஜன்னல் வழியே ஹோஸ்! நான் வரும்வரை அவர் ஜன்னலைத் திறக்கக்கூடாது என்று சொல்.

முறை இதுதான். வீட்டின் மீட்டருக்குப் பிறகு தனியாக ஒரு கிளை பிரிக்க வேண்டும். பிரியும் இடத்தில் ஒரு வால்வு, அடுப்பருகே ஒரு வால்வு. இடையில் மண்ணுக்கடியில் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய். பள்ளம் பதினெட்டு அங்குல ஆழம், பதினேழரை அல்ல. பிளாஸ்டிக் வெயிலைத் தாங்காது, எனவே மண்ணிலிருந்து மேலே எழும் துண்டு இரும்பாக இருக்க வேண்டும். அடுப்பைச் சுற்றி மாப்பிள்ளை கட்டியிருக்கும் செங்கல் மேடையில் இருபுறமும் மேல்வரிசையில் காற்றுத்துளை வேண்டும். குழாய் வாயு இலேசானது, மேலே ஏறும். அடுப்பில் வாயு வெளிவரும் முனைகள் சிலிண்டர் வாயுவுக்கென்று செய்தவை. அவற்றையும் மாற்ற வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளத்தை மூடுவதற்கு முன் குழாயில் காற்றை அடைத்து, அழுத்தமானியின் முள் முப்பது நிமிடம் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த முப்பது நிமிடம்தான் வேலை. மற்றதெல்லாம் மண்வெட்டி.

உரிமம் பெற்ற ஃபிட்டர் ஒருவரை ஏற்பாடு செய். அனுமதிக்கு விண்ணப்பி. ஜனவரி 5 காலை 9.40 வண்டியில் நான் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

*

(தேதியிடப்படவில்லை. 3.12.2018 அன்று கிடைத்தது.)

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க மாப்பிள்ளை நல்லா இருக்கார். உங்க மருமக நல்லா இருக்கா. தனித்தனியா எழுதிட்டேன், போதுமா? அண்ணியை ரொம்பக் கேட்டதா சொல்லுங்க. முழங்காலையும் கேட்டதா சொல்லுங்க.

உங்க கடிதத்தை இவருக்குச் சத்தமா வாசிச்சேன். “உங்க அண்ணன் அடுப்பு வைக்க வர்றாரா, அணை கட்ட வர்றாரா?”ன்னு கேட்டார். அப்புறம், “வரட்டும், நடமாடும் காலண்டர். அஞ்சாம் தேதி ஒன்பது நாப்பதுக்கு நான் ஸ்டேஷன்ல நிக்கலைன்னா என் மேலயும் ஒரு ரிப்போர்ட் எழுதிடுவார்”னார். ஹோஸைப் பரண்ல போட்டாச்சு.

ஃபிட்டர் கிடைச்சிட்டார். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆறடிக்கு மேல உயரம், தெருவே அவரை நெட்டைன்னுதான் கூப்பிடுது. பள்ளத்துல குனிஞ்சா எப்படி நிமிர்வார்னு தெரியலை. நீங்க வர்றீங்கன்னு சொன்னதும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டார். “ஐயா பரீட்சை எடுத்த பேட்ச்தாம்மா நான். ஐயா கையால பாஸ் ஆனவன். அவர் பக்கத்துல நின்னாலே எனக்கு வேர்க்கும்”னார். பாவம், அவரை ரொம்ப விரட்டாதீங்க.

மக முடிவெட்டற கடையில இப்போ மூணு நாற்காலி. கத்தரியைக் கையில எடுத்தா இறக்கறதில்லை. நீங்க வந்தா முதல் வேலையா உங்க காதுமுடியை வெட்டணும்னு சொல்லியிருக்கா.

உங்கள் அன்புத் தங்கை

*

15.1.2019, செவ்வாய்

அன்புத் தங்கைக்கு,

நான் 13ஆம் தேதி பிற்பகல் 2.10க்கு வீடு வந்து சேர்ந்தேன். பயணம் சிரமமில்லை. அங்கு அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இத்துடன் சோதனைத் தாளின் நகல் ஒன்று இணைத்துள்ளேன். அதில் “11.1.2019, காலை 11.15 முதல் 11.45 வரை, முள் அசையவில்லை” என்று உள்ளது. சோதனை செய்தவர் என்ற இடத்தில் ஃபிட்டரின் கையெழுத்தும், சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்தும் உள்ளன. பத்திரப்படுத்து. மூலத்தாள் எரிவாயு அலுவலகத்துக்குப் போய்விட்டது.

வேறு விசேஷமில்லை.

அண்ணன்

*

(தேதியிடப்படவில்லை. 18.2.2019 அன்று கிடைத்தது.)

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். என்ன அண்ணா, போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது? அண்ணிகூடச் சண்டையா? சண்டைன்னா நான் அண்ணி பக்கம், இப்பவே சொல்லிட்டேன்.

இவருக்குக் கால் தரையில படலை. ஞாயிறு ஆனா மீனு, கோழி, சோளக்கதிர்னு எதையாவது அடுப்புல போட்டுப் புரட்டிக்கிட்டே இருக்கார். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர் இல்லையா, ஸ்டியரிங் இல்லாம கை சும்மா இருக்க மாட்டேங்குது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா, “எங்க மச்சான் போட்ட லைன். முள் அசையலை”ங்கறார். அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டலாம்னுகூடச் சொல்றார்.

மேடைக்குள்ள எலி புகுந்துருச்சு. அதனால ஒரு பக்கத் துளையில துணியைத் திணிச்சு வச்சிருக்கார்.

ஒண்ணு கேக்கணும். நாலஞ்சு நாளா அந்த மேடைப் பக்கம் போனா லேசா ஒரு நாத்தம். கெட்ட முட்டை மாதிரி. காத்தடிச்சா போயிடுது. இவர், “எலி செத்துக் கிடக்கும், உங்க அண்ணன் டெஸ்ட் பண்ணினதுல கேஸ் வருமா?”ங்கறார். புதுக் குழாய்ல அப்படித்தான் இருக்குமா? எழுதுங்க.

தங்கை

*

8.3.2019, வெள்ளி

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடல்நிலை சற்றுச் சரியில்லை, கவலைப்படும்படி ஒன்றுமில்லை.

நீ குறிப்பிட்ட நாற்றம் குறித்து: காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆயினும் முன்னெச்சரிக்கையாக, இக்கடிதம் கண்டவுடன் மீட்டருக்கு அருகிலுள்ள கிளை வால்வை மூடிவிடு. அடுப்பைப் பயன்படுத்த வேண்டாம். துளையிலுள்ள துணியை எடுத்துவிடச் சொல். ஃபிட்டரை அழைத்து, மண்ணுக்குள் இருக்கும் இணைப்பை ஒருமுறை தோண்டிப் பார்க்கச் சொல். அவசரமில்லை என்று அவர் சொன்னாலும் நீ வற்புறுத்து.

மருமகளைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

14.3.2019, வியாழன்

அண்ணாவுக்கு,

உங்க கடிதம் நேத்து மதியம் வந்தது.

10.3.2019, ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் அஞ்சு நாப்பது. இந்தத் தடவை தேதி, நேரம் ரெண்டும் எழுதறேன். நான் இருக்கற வரைக்கும் மறக்காது.

இவர் வெங்காயம் உரிச்சிட்டிருந்தார். மக, “நகருங்கப்பா, இன்னைக்கு நான் பத்த வைக்கறேன்”னு போனா. மூடியைத் திறந்தா, குமிழைத் திருகினா. அடுப்பு பத்தலை அண்ணா, மேடை வெடிச்சது. செங்கல் மேடையோட கதவு பிஞ்சு செவுத்துல போய் விழுந்தது. வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. புருவம் ரெண்டும் போச்சு. கண்ணு தப்பிச்சது. “அம்மா, என் கை இருக்கா?”ன்னுதான் முதல்ல கேட்டா.

ஆஸ்பத்திரியில இருக்கா. விரல் மடங்குமான்னு இப்போ சொல்ல முடியாதாம். கத்தரி பிடிக்கற கை.

எரிவாயு அலுவலகத்துல இருந்து வந்து தோண்டினாங்க. மஞ்சள் குழாயும் இரும்புக் குழாயும் சேர்ற இடத்துல, மண்ணுக்குள்ள கசிவாம். இளகின மண்ணு வழியா ஏறி மேடைக்குள்ள அடைஞ்சிருக்கு. ஒரு துளைதானே திறந்திருந்தது.

உங்களுக்கு மூணு தடவை போன் பண்ணினேன். மூணு தடவையும் அண்ணி எடுத்து நீங்க குளிக்கறதா சொன்னாங்க. இவ்வளவு குளிச்சா உடம்புக்கு ஆகாது அண்ணா.

தங்கை

*

22.3.2019, வெள்ளி

அன்புத் தங்கைக்கு,

மருமகள் விரைவில் குணமடைய வேண்டும். நானும் உன் அண்ணியும் வேறு நினைவின்றி இருக்கிறோம். நல்ல மருத்துவர் யார் என்று விசாரித்திருக்கிறேன். விவரம் தனித்தாளில் உள்ளது.

நடந்ததை ஆராயும்போது சில கேள்விகளைத் தவிர்க்க முடியாது. காற்றுத்துளையை அடைக்கக்கூடாது என்று நான் 20.11.2018 கடிதத்தில் எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் துளை இருபுறமும் வேண்டும் என்று எழுதியிருந்தேன். மாப்பிள்ளை துணியைத் திணிக்காதிருந்தால் வாயு இவ்வளவு தேங்கியிராது. மேலும், இணைப்பைப் பொருத்தியவர் ஃபிட்டர். சூடாக்கி ஒட்டும்போது ஆற விடாமல் அசைத்திருக்கலாம். விசாரணையில் இவை வெளிவரும்.

மனத்தைத் தளரவிடாதே.

அண்ணன்

*

4.4.2019

அண்ணாவுக்கு,

மக வீட்டுக்கு வந்துட்டா. கட்டு மாத்தும்போது வாயில துண்டைக் கடிச்சுக்கறா.

உங்க கடிதத்தை இவர் படிச்சார். நான் மறைச்சு வச்சிருந்தேன், எடுத்துப் படிச்சிட்டார். அதுல இருந்து துணியைப் பத்தியேதான் பேச்சு. “எலிக்குப் பயந்து பொண்ணு கையை எரிச்சுட்டேனே”ன்னு சாப்பாட்டைப் பாதியில வச்சிட்டு எழுந்து போயிடறார்.

நெட்டையோட லைசென்ஸை நிறுத்தி வச்சிட்டாங்க. விசாரணை முடியற வரைக்கும் ஸ்பேனரைத் தொடக்கூடாதாம். போன வாரம் வீட்டுக்கு வந்தார். இவர் வாசல்லயே நிறுத்தி, “என்னய்யா வேலை பாத்தே நீ? டெஸ்ட் பண்ணினேன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே, உனக்குப் பொண்ணு இல்லையா?”ன்னு கத்தினார். அந்த மனுஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னார். அவ்வளவு உயரத்தை எங்க கொண்டு போய் வைக்கறதுன்னு தெரியாத மாதிரி.

நான்தான் பின்னாடியே போய்க் கேட்டேன். “டெஸ்ட்டை நீங்களா பண்ணினீங்க?”

“இல்லம்மா. ஐயா தானே பண்றேன்னார். என்னைக் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போகச் சொன்னார். தாள்ல அப்போ தேதி, நேரம் எதுவும் எழுதலை.”

“இதை அலுவலகத்துல சொல்ல வேண்டியதுதானே?”

“வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னு சொன்னா அதுவும் என் தப்புதான். ஐயா பண்ணலைன்னு நான் எப்படிம்மா சொல்வேன்? பண்ணினேன்னு எழுதியிருக்கார்னா பண்ணியிருப்பார்.”

அண்ணா, அன்னைக்குப் பதினொன்னுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நான் பின்முற்றத்துல துணி உலர்த்திட்டிருந்தேன். நீங்க பையைத் திறந்தீங்க, மூடினீங்க, மறுபடி திறந்தீங்க. சோப்புத் தண்ணி தடவினீங்க. பம்ப் அடிச்சு நான் பாக்கலை. அரை மணி நேரம் முள்ளைப் பாத்துட்டு உக்காந்திருந்ததையும் பாக்கலை.

நான் பாக்காத நேரத்துல பண்ணியிருந்தா, அதை மட்டும் ஒரு வரி எழுதுங்க. நான் நம்பறேன்.

தங்கை

*

6.5.2019, திங்கள்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் 9.4.2019 அன்று கிடைத்தது. இன்று இருபத்தேழாம் நாள். நீ கேட்ட ஒரு வரி இதுதான்: சோதனை செய்யப்படவில்லை.

11.1.2019 வெள்ளிக்கிழமை காலை 10.20க்கு ஃபிட்டர் இணைப்பை முடித்துவிட்டுத் தம் அழுத்தமானியை எடுத்தார். அதன் பின்புறம் ஒட்டியிருந்த சரிபார்ப்புச் சீட்டைப் பார்த்தேன். 31.12.2018 வரை செல்லும் என்றிருந்தது. “இது காலாவதி” என்றேன். “பதினோரு நாள்தானே ஐயா, முள்ளுக்குக் காலண்டர் பாக்கத் தெரியுமா?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என்னிடம் தேறியவர் இப்படிப் பேசலாமா என்று கால் மணி நேரம் கண்டித்தேன். தேதியை மதிக்காதவன் உயிரையும் மதிக்கமாட்டான் என்றுகூடச் சொன்னேன். என் கருவியில் நானே பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

அவர் போனபின் பையைத் திறந்தேன். என் அழுத்தமானி அதில் இல்லை. இங்கே அலமாரியின் இரண்டாம் தட்டில் இருந்தது.

அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. அரை மணி நேரத்தில் அவருடைய கருவியை வாங்கி வந்திருக்கலாம். அது நல்ல கருவி. அவ்வளவு பேசிவிட்டு, “நான் மறந்துவிட்டேன், உம்முடையதைக் கொடும்” என்று அவர் வாசலில் நிற்க எனக்கு முடியவில்லை. மண்ணுக்கு மேலிருந்த இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழி வரவில்லை. கீழே உள்ள இணைப்புக்கு என் முழங்கால் மடங்கவில்லை. மடக்க நான் முயலவுமில்லை. 2 மணிக்கு மாப்பிள்ளை மண்ணை மூடினார். 2.30க்கு “11.15 முதல் 11.45 வரை” என்று எழுதினேன். ஊருக்குத் திரும்பிய அன்று உன் அண்ணி அலமாரியைப் பார்த்துவிட்டு, “ஊருக்கெல்லாம் தேதி சொல்ற மனுஷன், இதை எடுத்துட்டுப் போகலையா?” என்று கேட்டாள். வேறொன்று எடுத்துப் போனேன் என்றேன்.

நாற்றம் அடிக்கிறது என்று நீ எழுதிய கடிதம் 18.2 அன்று வந்தது. படித்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தொலைபேசி என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் உன் குரலைக் கேட்டால் என்னவென்று சொல்வது? கௌரவமாக ஒரு கடிதம் எழுத வழி தேடினேன். ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். பதினெட்டு நாள். நீ தொலைபேசியில் அழைத்தபோது நான் குளிக்கவில்லை. கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

22.3 கடிதத்தில் மாப்பிள்ளையின் துணியையும் ஃபிட்டரின் கையையும் நான் எழுதியதை எண்ணும்போது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே கூசுகிறேன். மற்றவை தயக்கத்தில் நிகழ்ந்தவை. அதை மட்டும் உட்கார்ந்து யோசித்து எழுதினேன். முள் இறங்கியதா இல்லையா என்று பார்த்திருந்தால் அந்தக் குழாயில் வாயுவே ஏறியிருக்காது. துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டு.

இதே விவரங்களை எழுதிக் கையெழுத்திட்டு இன்று காலை பதிவுத் தபாலில் எரிவாயு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். மருமகளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன்

*

17.5.2019

அண்ணாவுக்கு,

வாசிச்சுக் காட்டினேன். இவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிட்டு வந்து சாப்பிட்டார். ரெண்டு மாசத்துல முழுசா சாப்பிட்டது அன்னைக்குத்தான். அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டு நெட்டை வீட்டுக்குப் போனார்.

மக தானே வாங்கிப் படிச்சா. இடது கையால தாளைப் பிடிச்சுக்கிட்டு. “மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாமாவுக்கு வெக்கமா இருந்துச்சாம்மா? அவ்வளவுதானா?”ன்னு கேட்டா.

ஜூன் பதினொன்னாம் தேதி விசாரணையாம். நீங்க வருவீங்கன்னு தெரியும். வீட்டுக்கு வர வேண்டாம் அண்ணா. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியணும். ஸ்டேஷன் பக்கத்துல லாட்ஜ் இருக்கு.

மாத்திரையை வேளைக்குப் போடுங்க.

தங்கை

*

14.6.2019, வெள்ளி

அன்புத் தங்கைக்கு,

நேற்று மாலை 6.25க்கு வீடு வந்தேன். உடல் நலம். உன் உடல்நிலையும் அவளுடைய கையின் நிலையும், உனக்கு எழுதத் தோன்றும்போது, எழுது.

விசாரணை 11ஆம் தேதி காலை 10.30க்குத் தொடங்கியது. நாற்காலியில் இருந்த அதிகாரி ஒரு காலத்தில் என்கீழ் வேலை பார்த்தவர். எனக்குத் தண்ணீர் வரவழைத்தார். என் கடிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, மிக மெதுவாகச் சொன்னார்: “ஐயா, உங்களுக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. சில சமயம் பண்ணினதா, பண்ணலையான்னு நமக்கே குழம்பிடும். ஞாபகம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் உடனே பதில் சொல்லவில்லை என்பதை உனக்கு எழுதியாக வேண்டும். எதிர் வரிசையில் ஃபிட்டர் உட்கார்ந்திருந்தார். முட்டி முன்வரிசையில் இடிக்காதிருக்கப் பக்கவாட்டில் மடக்கி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. “எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது” என்றேன். பிறகு 10.20 முதல் 2.30 வரை நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

ஃபிட்டரின் உரிமத்தை அன்றே திருப்பிக் கொடுத்தார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டதற்கு ஓர் எச்சரிக்கை மட்டும். ஓய்வுக்குப் பிறகும் ஆய்வாளர் பட்டியலில் இருந்த என் பெயர் நீக்கப்பட்டது. என்மீது வேறு என்ன நடவடிக்கை என்பதைப் பின்னர் தெரிவிப்பார்கள்.

வெளித் தாழ்வாரத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு நான்கு வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். முதல் வாக்கியம் முடியுமுன் அவர் கைகூப்பினார். “இருக்கட்டும் ஐயா. உங்க தங்கச்சி வீட்டு லைனை வியாழக்கிழமை நானே மறுபடி போட்டு, டெஸ்ட் பண்ணிடறேன். நீங்க வர வேண்டாம்” என்றார். கடுமையில்லாமல்தான் சொன்னார். நான் தலையசைத்தேன்.

நீ வீட்டுக்கு வரவேண்டாம் என்று எழுதியிருந்தாய், வரவில்லை. ஆனால் மறுநாள், 12ஆம் தேதி பிற்பகல், அவளுடைய கடைத்தெருவுக்குப் போனேன். இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. எதிர்ச்சாரியில் மருந்துக்கடை ஓரமாக நின்றேன். கண்ணாடி வழியே தெரிந்தது. ஒரு பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் வலது கையில் துணி உறை போட்டிருந்தாள். கத்தரியை அந்தக் கையில் எடுத்தாள். இரண்டு முறை வெட்டினாள். இடது கைக்கு மாற்றினாள். மறுபடி வலது கைக்கே கொண்டுவந்தாள். விரல்கள் மடங்குகின்றன. முழுவதுமாக அல்ல.

அவள் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள். நான் நகரவில்லை; அவளும் முகத்தைத் திருப்பவில்லை. கத்தரியை வைத்துவிட்டுக் கதவருகே வந்தாள். கதவைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்து நான் நடைபாதையிலிருந்து ஓர் அடி இறங்கினேன். அவள் கண்ணாடியில் தொங்கிய பலகையைத் திருப்பி, “இன்று விடுமுறை” என்ற பக்கம் வெளியே தெரியும்படி விட்டாள். உள்ளே அந்தப் பெண்மணி பாதி வெட்டிய தலையுடன் உட்கார்ந்திருந்தார். அவள் அவரிடம் திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தாள்.

அந்தத் தெருவில் எத்தனை மணி வரை நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அனைவர் நலமும் விழையும்,
அண்ணன்